நிழலை வெட்டிய ஏலத்தோட்டம்: பெருமாட்டியிலிருந்து குமுளி மலைக்கு

இந்தக் கட்டுரையில் நான் பார்த்ததையும் கேட்டதையும் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நம் பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பலர் அடுத்த விடுமுறைக்குத் தேக்கடி போக ஆசைப்படுகிறீர்கள். பஸ், கட்டணம், தூரம் எல்லாவற்றுக்கும் இதை நம்பலாம். உல்லாசத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

போனது இந்த 1976 கோடை விடுமுறையில், சித்திரை பிறந்து ஒரு வாரம் கழித்து. எங்கள் தென்னந்தோப்புக் கிணறு இந்த வருஷம் மாசியிலேயே வற்றிவிட்டது. வாய்க்கால் தண்ணீர் கடைமடையான எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, குமுளிக்கு மேலே மூன்று வருஷமாக ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் பண்ணையம் பார்க்கிறார். தோப்பை விற்றுவிட்டு வாருங்கள், இருவரும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் காடு பிடிக்கலாம் என்று அவர் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். தோப்பை வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தது. மலையை நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று அப்பா தவணை கேட்டிருந்தார்.

மாமாவின் தோட்டத்துக்குப் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. அங்கே குடிபோனால் என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் அப்பா மலையை எடைபோடப் போனபோது எனக்கும் அதில் ஒரு வழக்கு இருந்தது. அத்தை பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். மாமாவுக்கு ரெண்டு நாள் வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடட்டும் என்று அம்மா என்னையும் சேர்த்து அனுப்பினாள். அறிவியல் ஆசிரியை விடுமுறை வேலையாக, வழியில் காணும் செடிகளில் நம் மண்ணுக்கு உரியவை எவை, கடல்தாண்டி வந்தவை எவை என்று பிரித்து எழுதச் சொல்லியிருந்தார். நான் அதையும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலியிலேயே ஆரம்பித்தேன். வேலியில் படர்ந்திருக்கும் உண்ணிச்செடி அமெரிக்காக் கண்டத்திலிருந்து பூந்தொட்டியில் வந்தது. இப்போது ஆடுகூட அதைச் சீண்டுவதில்லை. பப்பாளி, கொய்யா, மரவள்ளி, நிலக்கடலை எல்லாம் அந்தக் கண்டத்துக்காரர்கள்தான். கோபாலபுரம் பஸ்ஸில் இதைச் சொல்லிக்கொண்டே வந்து, மிளகாயும் அங்கிருந்துதான் வந்தது என்றபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மொளகா வெளியூருதா? அப்ப எம்பட பாட்டனாருக்குப் பாட்டனாரு எதைக் கடிச்சிட்டுக் கம்மங்கூழு குடிச்சாரு?"

"மொளகு போட்டிருப்பாங்க, இல்லாட்டி வெங்காயம் கடிச்சிருப்பாங்கப்பா."

"பாவம், நாக்குச் செத்த சனம்," என்றார் அப்பா. முன்சீட்டுக்காரர் சிரித்தார். அந்தப் பயணத்தில் அப்பா விளையாட்டாகப் பேசியது அத்துடன் சரி.

வழியை விவரமாகச் சொல்கிறேன். எங்கள் பெருமாட்டியிலிருந்து காலை ஆறேகாலுக்குப் பஸ். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் மாநில எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கு வர ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து உடுமலைப்பேட்டை வழியாகப் பழனி சுமார் 63 கிலோமீட்டர், கட்டணம் மூன்று ரூபாய். பழனியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினோம். வத்தலக்குண்டிலிருந்து தேனி, தேனியிலிருந்து கம்பம். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறவேண்டும். நேர் பஸ் இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எங்களுக்கும் சொன்னார்கள்.

பொள்ளாச்சிக்கு அப்பால் ஒரு குளத்தைத் தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை மூடியிருந்தது. ஊதாப்பூவோடு பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். கரையில் ஒருவர் எருமைக்குத் தண்ணீர் காட்ட அதைக் கம்பால் விலக்கிக்கொண்டிருந்தார். அவர் கம்பை எடுத்ததும் அது மறுபடி கூடிக்கொண்டது. உடுமலைக்குப் பிறகு சாலையோரமெல்லாம் சீமைக் கருவேலம். ஆல், வேம்பு, பனை இடையிடையே நின்றன. வந்தவை எல்லாம் கூட்டமாக வாழ்கின்றன, இருந்தவை ஒன்றொன்றாக நிற்கின்றன என்று அப்போது நினைத்தேன். அப்படி ஒரேயடியாக எழுதுவது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பத்துக்கு மாலை நாலரைக்குத்தான் வந்துசேர்ந்தோம். கம்பத்திலிருந்து குமுளி 24 கிலோமீட்டர், ஒரு ரூபாய் நாற்பது பைசா. மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறஏற முள்மரங்கள் மறைந்து, மூங்கில் வந்து, பிறகு பெயர் தெரியாத பெரிய மரங்கள் வந்தன. ஜன்னல்வழி வந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. அப்பா கண்ணை மூடி அந்தக் காற்றை உள்ளே இழுத்தார். எங்கள் ஊரில் மூன்று மாதமாக அப்படி ஒரு காற்று இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் என் வழக்கு தோற்றுவிடும் என்று பயந்தேன்.

குமுளி செக்போஸ்ட்டில் அரிசி கடத்துகிறோமா என்று எங்கள் பையைத் தடவிப் பார்த்தார்கள். மாமாவுக்காக அம்மா கொடுத்த முருங்கைக் கம்புகள்தான் இருந்தன. அன்றிரவு கடைவீதியில் ஒரு மாடி அறையில் தங்கினோம், வாடகை ஐந்து ரூபாய். படுக்கை சுமார்தான். ஆனால் கீழே ஏலக்காய்க் கடை, அறை முழுக்க அதன் வாசனை. காசு கொடுக்காமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை வண்டன்மேட்டுச் சாலையில் பதின்மூன்று கிலோமீட்டர் ஜீப்பில் போனோம். ஆளுக்கு ஒன்றரை ரூபாய், பதினோரு பேர் ஏறினோம். ஓட்டுநர் கம்பத்துக்காரர். சரிவு முழுவதும் இடுப்பளவுக்குப் புதர் மண்டிக் கிடந்ததைக் காட்டி, அதன் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அதுவா தாயி? கம்யூனிஸ்ட் பச்சை. ஒரு பக்கம் பிடுங்குனா நாலு பக்கம் மொளைக்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப இருக்க எமர்சென்சி நெலமையில கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லணும். செடின்னு சொன்னா எவன் நம்புவான்?"

பின்னால் இருந்த ஒருவர், "பேர எழுதிக்கிட்டுப் போகுதே அந்தப் பிள்ள, சாட்சிக்கு உன்னக் கூப்பிடப் போறாக," என்றார். அதுவும் அமெரிக்காக் கண்டத்துச் செடி என்று நான் சொன்னதும் ஜீப் முழுவதும் சிரிப்பு. "அடப்பாவி, அங்கனதான் இவங்கள உள்ளயே விடமாட்டாகளே!" என்றார் ஓட்டுநர். அந்தப் பக்கத்தில் மொட்டையடித்த இரண்டு குன்றுகளில் காட்டிலாகா யூக்கலிப்டஸ் நட்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவுடையது. வரிசை பிசகாமல், அடியில் ஒரு புல்கூட இல்லாமல் நின்றது.

மாமா சாலைக்கே வந்து காத்திருந்தார். எங்களைக் கண்டதும் ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"வாங்க மச்சான். அம்மிணி, என்ன இத்தன ஒசரம் வளந்துட்டே? ஊட்டுல அக்கா சௌக்கியமுங்களா?" பதிலுக்குக் காத்திராமல் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். "மொதல்ல காட்டப் பாருங்க மச்சான். பொங்கலுக்கு வந்தப்ப நீங்க சொன்னாப்பிடியே செஞ்சுபோட்டேன்."

பொங்கலுக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தோட்டம் ஒரே இருட்டாகக் கிடக்கிறது, மகசூல் ஏறவில்லை என்று குறைபட்டார். அப்பா அவருக்கு ஒரு யோசனை சொன்னார். நானும் கூடத்தில்தான் இருந்தேன். நம் பக்கத்துக் குடியானவர்கள் எல்லாரும் சொல்வதுதான் அது. நிழல் விழுந்த இடத்தில் கம்பு கதிர் பிடிக்காது, பருத்தி வெடிக்காது, கடலை காய்க்காது. வரப்பில் பக்கத்துக்காரன் வேம்பு வைத்தால் பஞ்சாயத்தே கூட்டுவார்கள். "மரத்தக் கழிச்சுவிட்டுக் களையச் சுத்தமாக் கொத்துனா வெள்ளாமை தானா ஏறும்" என்று அப்பா சொன்னார். மாமாவுக்கு மாடு பூட்டக் கற்றுக்கொடுத்தவரே அப்பாதான். அவர் சொன்னால் மாமாவுக்கு மறுபேச்சு இல்லை.

தோட்டத்தைப் பார்த்ததும் அப்பா, "அட, இப்பத்தான் தோட்டமாட்ட இருக்குது!" என்றார். உண்மையிலேயே எங்கள் ஊர்த் தோட்டம்போல இருந்தது. பலா, மலைக்காட்டு மரமான சந்தன வேம்பு, நாவல் எல்லாவற்றையும் அடியோடு வெட்டியிருந்தார். சருகைக் கூட்டி எரித்திருந்தார். மண்வெட்டியால் கொத்திச் செம்மண் மினுமினுத்தது. களை ஒன்றுகூட இல்லை. வானம் முழுவதும் தெரிந்தது.

ஆனால் ஏலச்செடிகள்? அவை ஆளுயரத்துக்கு நிற்க வேண்டியவை. இலை விளிம்பெல்லாம் தீய்ந்து, வைக்கோல் நிறத்தில், நடுவில் முறிந்து தொங்கின. ஏலத்தில் பூவும் காயும் தூரடியில் தரையோடு ஒட்டிய சரத்தில்தான் வரும். சரங்கள் கறுத்த நூலாகக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது.

"கோடையிங்க மச்சான். ஒரு மழை பேஞ்சா வெடிச்சுக் கெளம்பிரும்," என்றார் மாமா. அப்பா தலையாட்டினார். "வெயிலு நல்லாப் படுதுல்ல, கெளம்பீரும்."

இருவரும் பேசிக்கொண்டே எல்லை பார்க்கப் போனார்கள். நான் சமையலுக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே ஓடைக்குப் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏலத்தோட்டம். அதன் சொந்தக்காரி பேச்சியம்மாள் என்று ஓர் அம்மா, கம்பத்துப் பக்கம். கழுத்தில் தடித்த சங்கிலி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் குடை. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டுச் சொன்னார்:

"நீதான் அந்தப் பொள்ளாச்சிக்காரரு அக்கா மகளா? ஒங்க மாமாவ ஒண்ணு கேட்டுச் சொல்லு தாயி. ஏலக்காட்டக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்காரே, கோலம் எப்பப் போடப் போறாருன்னு."

"நாங்க பொள்ளாச்சி இல்லீங்க, பெருமாட்டி."

"எந்த மாட்டியா இருந்தா என்ன? மலையவே மொட்டத்தல ஆக்கிட்டீகளே." சிரித்துவிட்டு ஆட்களை விரட்டப் போய்விட்டார்.

நான் ஓடையைத் தாண்டி அந்தத் தோட்டத்துக்குள் போனேன். பத்தடி வைப்பதற்குள் குளிர்ந்துவிட்டது. மேலே பெரிய மரங்கள், வெயில் காசு காசாகத்தான் கீழே விழுந்தது. காலடியில் சருகு மெத்தை. அதை விலக்கி விரலை விட்டேன். மண் ஈரமாக இருந்தது. சித்திரை மாதத்தில், தண்ணீர் பாய்ச்சாமல் அந்த ஈரம். ஏலச்செடிகள் என் தலைக்கு மேலே கரும்பச்சையாக வளைந்து நின்றன. அடியில் சரங்கள் புதிதாக நீண்டிருந்தன. இடையில் நேராக வளர்ந்த சில இளமரங்கள், இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி. அது சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆக, வந்த மரம் ஒன்று சொந்தச் செடிக்குக் குடைபிடித்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கமோ, இந்த மலைக்கே உரிய ஏலம் தான் பிறந்த இடத்திலேயே கருகிக்கொண்டிருந்தது. நான் பிரித்து எழுதிய இரண்டு பட்டியலும் ஒன்றுக்கும் உதவாதவை என்று தோன்றியது.

அதே நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. உண்மையைச் சொல்வதாக எழுதியிருப்பதால் அதையும் எழுதுகிறேன். இதை அப்பா பார்த்தால் போதும், மலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார், நான் பத்தாம் வகுப்புக்குப் போவேன். குடத்தை வைத்துவிட்டு ஓடினேன். "அப்பா, ஒரு நிமிசம் வாங்க, ஒண்ணு பாருங்க," என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மாமா மேலேயே நின்றுவிட்டார்.

அப்பா நிழலுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றினார். குனிந்து சருகை விலக்கி ஒரு பிடி மண் எடுத்துக் கையில் அழுத்தினார். அது உருண்டையாகப் பிடித்துக்கொண்டது. முகர்ந்து பார்த்தார். பிறகு அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். எங்கள் தோட்டத்தில் மண் பார்க்கும்போது அவர் ஏதாவது சொல்லுவார், உப்பேறிவிட்டது, எரு போதாது என்று. இங்கே அண்ணாந்தபடியே நின்றார். அவர் எதற்காகவும் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை. அந்த மண்ணைக் கீழே போடாமலே ஓடையைத் தாண்டி மேலே ஏறினார்.

"மாப்ளே," என்றார் மாமாவிடம். "மரத்த வெட்டுனது தப்பாப் போச்சு. இது நெழலுச் செடி."

மாமா அந்த மண்ணைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"பக்கத்துக்காட்டம்மா அப்பவே சத்தம் போட்டாங்க மச்சான். ஆளுகளும் வெட்டமாட்டேன்னாங்க. நாந்தான், எங்க மச்சான் சொன்னாத் தப்பாகாதுன்னு, நின்னு வெட்ட வெச்சேனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவைப் பெருமைப்படுத்துகிற குரலிலேதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அதன் பொருள் உறைத்தது போலிருந்தது. "அதுக்கில்லீங்க மச்சான்... ஒரு மழை பேஞ்சா..." என்று தடுமாறினார்.

அப்பா ஒரு பலாவின் அடிக்கட்டையில் உட்கார்ந்தார். "மறுக்கா மரம் வெச்சா எத்தன வருசமாகும்?"

"அந்த வெள்ளி மரம் வெரசா வருமுங்களாம். அதுக்கே அஞ்சாறு வருசம்னு சொல்றாங்க."

"அதுவரைக்கும்?"

மாமா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அத்தை குழந்தையோடு ஆவணியில் திரும்பி வருவதாக இருந்தது. எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது.

நான் எதிர்பார்த்ததை அப்பா சொல்லவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "எம்பேச்சக் கேட்டு வெட்டுன காடு. ஒன்னய இதுல உட்டுப்போட்டு நாம்போயித் தென்னைக்கடியில உக்காந்தா, ஒங்கக்கா மூஞ்சிய எப்படிப் பாக்கறது? தோப்பக் குடுத்துப்போட்டு வந்தர்றேன். ரெண்டு பேருஞ் சேந்து மரம் வெப்போம்."

"வேண்டாமுங்க மச்சான்! கெட்டது எம்பட காடு மட்டும் கெடட்டுமுங்க."

"சும்மா இரு மாப்ளே."

நான் குறுக்கே பேசினேன். தோட்டம் நன்றாக இருந்தால் வருவது, இல்லாவிட்டால் வராமலிருப்பது, அப்படித்தானே பேச்சு என்று கேட்டேன். பெரியவர்கள் பேசும்போது அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. அப்பா திட்டவில்லை. "நல்லா இருந்திருந்தா வராம இருந்திருக்கலாம், அம்மிணி," என்றார். நான் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டாமல் இருந்திருந்தால் அவர் தலையாட்டிவிட்டு ஊருக்குத் திரும்பி, நிதானமாக யோசித்திருப்பாரோ என்னவோ. இதை எத்தனை தரம் யோசித்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறேன்.

அன்று நான் ஆக்கிய பருப்புக்குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. முருங்கைக் கம்புகளை வீட்டு ஓரத்தில் நட்டோம். இந்தக் குளிருக்கு அழுகிவிடும் என்று மாமா சொன்னார். சொல்லிக்கொண்டே குழி தோண்டினார்.

மறுநாள் பொழுது விடியவும் கிளம்பிவிட்டோம். தேக்கடி ஏரி குமுளியிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். நாங்கள் போகவில்லை. படகில் போனால் யானை பார்க்கலாம் என்று ஜீப்பில் சொன்னார்கள். யானை பற்றி இதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரு ஆளுக்குப் போகவர பஸ், ஜீப், தங்கல், சாப்பாடு சேர்த்து நாற்பது ரூபாய் வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை. சித்திரையிலும் மலையில் காலையில் குளிரும், கம்பளி கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும், உப்புப் பொட்டலம் அவசியம். ஏலக்காயைக் குமுளியில் முதல் கடையிலேயே வாங்காதீர்கள், ஒன்றை உரித்து விதை கறுப்பாகப் பிசுபிசுப்பாக இருக்கிறதா பாருங்கள். செடிகளைப் பற்றி எழுதப் போகிறவர்களுக்கு: எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எதன் அடியில் நிற்கிறது என்றும் கேளுங்கள். நான் முதலாவதை மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியாக, நம் ஊர் அனுபவத்தை மலைக்கு யோசனையாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் மரம் மரம்தான், ஒட்டவைக்க முடியாது.

இந்த இதழைத் தைத்து நீங்கள் கைமாற்றிப் படிக்கும்போது நான் பள்ளியில் இருக்கமாட்டேன். தோப்பை வாங்குகிறவர் அப்பா கேட்ட தவணைப்படி வெள்ளிக்கிழமை வருகிறார். ஆசிரியை கேட்ட பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன், என் தோழி கொடுத்துவிடுவாள். மதிப்பெண் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லியனுப்புவேன்.

இதைப் பழனியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஆரம்பித்தேன். இப்போது பொள்ளாச்சியில், ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து முடிக்கிறேன். பஸ் இன்னும் கிளம்பவில்லை. அப்பா பக்கத்தில் இவ்வளவு நேரம் கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்தேன். இப்போதுதான் கேட்டார்: "ஏன் அம்மிணி, அங்க வெட்டுன சந்தன வேம்பு வெத எந்த மாசம் எடுக்கறதுன்னு உம்பட புஸ்தகத்துல போட்டிருக்குமா?"

எங்கள் பாடப்புத்தகத்தில் அது இல்லை. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. "பாத்துச் சொல்றேனுங்கப்பா" என்றேன். ஓட்டுநர் ஏறிவிட்டார். பஸ்ஸின் உள்விளக்குகளை அணைக்கிறார்கள்.